மேஜர் சுரக்கூட்டு

மேஜர் சுரக்கூட்டு என்பது மேற்கத்திய இசையில் மிகுதியாகப் பயன்படும், மூன்று சுரங்களால் ஆன சுரக்கூட்டு ஆகும். ஒரு சுரம், அதற்கு நான்கு அரைச்சுரங்கள் மேலே உள்ள சுரம், ஏழு அரைச்சுரங்கள் மேலே உள்ள சுரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தால் இக்கூட்டு கிடைக்கும். இவற்றுள் முதலாவது மூலசுரம் எனப்படும். கூட்டின் பெயரும் மூலசுரத்தைக் கொண்டே அமைகிறது. எடுத்துக்காட்டாக, சி, ஈ, ஜி ஆகிய மூன்று சுரங்கள் சேர்ந்து சி மேஜர் ஆகின்றன. கருநாடக இசையின் பெயர்களில் சொல்வதானால், சி என்ற சுரத்தைச் சட்சமாகக் கொள்ளும்போது இவை சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகும். பேச்சு வழக்கில் சுரக்கூட்டு கார்டு என்றும் மூலசுரம் ரூட் நோட் என்றும் அழைக்கப்படுகின்றன.

அடிப்படைக் கருத்துகள்

மேற்கத்திய இசையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு அரைச்சுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. விசைப்பலகையில் வெள்ளை, கருப்பு என்ற வேறுபாடு பாராமல், அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஓர் அரைச்சுரம் ஆகும். வெள்ளைக் கட்டைகளுக்கு சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என ஏழு எழுத்துப் பெயர்கள் உண்டு. ஒரு சுரத்தை அரைச்சுரம் உயர்த்தினால் ஷார்ப் என்ற சொல்லும், தாழ்த்தினால் பிளாட் என்ற சொல்லும் எழுத்துடன் சேர்க்கப்படும்.

மூலசுரத்திலிருந்து நான்கு அரைச்சுரத் தொலைவு மேஜர் மூன்றாமிடம் என்றும், ஏழு அரைச்சுரத் தொலைவு நிறை ஐந்தாமிடம் என்றும் பெயர் பெறும். மூன்றாவது, ஐந்தாவது என்ற எண்ணிக்கை எழுத்துப் பெயர்களைக் கொண்டு செய்யப்படுவது. அரைச்சுரங்களைக் கொண்டு அன்று. சி, டி, ஈ என எண்ணினால் ஈ மூன்றாவது. சி, டி, ஈ, எஃப், ஜி என எண்ணினால் ஜி ஐந்தாவது. தொடக்கச் சுரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்த இருவகை எண்ணிக்கையும் ஒன்றோடொன்று குழம்புவதே புதிதாகக் கற்பவர்களுக்கு வரும் முதல் இடர்.

இடையிலுள்ள சுரத்தை ஓர் அரைச்சுரம் தாழ்த்தினால் மேஜர், மைனர் ஆகிவிடும். சி, ஈ பிளாட், ஜி சேர்ந்தது சி மைனர். மூலசுரமும் ஐந்தாமிடமும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே ஒரு கூட்டின் இயல்பை முடிவு செய்வது அதன் மூன்றாமிடமே ஆகும். ராக் இசையில் மின்கிட்டாரில் மூன்றாமிடத்தை விட்டுவிட்டு மூலசுரத்தையும் ஐந்தாமிடத்தையும் மட்டும் வாசிப்பதுண்டு. பவர் கார்டு எனப்படும் இது மேஜரும் அன்று, மைனரும் அன்று.

மூலசுரம்

மூலசுரம், அடிச்சுரம், ஆதார சுரம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இவற்றைப் பிரித்தறியாமல் சுரக்கூட்டுகளைக் கற்பது, மாறியின் பெயரையும் அதன் மதிப்பையும் ஒன்றெனக் கொண்டு நிரல் எழுதுவதைப் போன்றது. சில நேரம் சரியாக வரும். ஏன் சரியாக வந்தது என்பது விளங்காது.

அடிச்சுரம் என்பது அந்த நேரத்தில் ஒலிப்பவற்றுள் ஆகத் தாழ்ந்த சுரம். மூலசுரம் என்பது கூட்டு எந்தச் சுரத்தின் மீது கட்டப்பட்டதோ அந்தச் சுரம். சி, ஈ, ஜி என்ற மூன்றில் ஈ கீழே இருந்தாலும், ஜி கீழே இருந்தாலும் மூலசுரம் சி ஆகவே இருக்கும். மூலசுரம் அடியில் இருந்தால் அது மூலநிலை. மூன்றாமிடம் அடியில் இருந்தால் முதற் புரட்டு. ஐந்தாமிடம் அடியில் இருந்தால் இரண்டாம் புரட்டு. பாடல் தாள்களில் புரட்டைக் காட்டச் சாய்கோடு இடுவர். சி சாய்கோடு ஈ என்று எழுதியிருந்தால், கூட்டு சி மேஜர், அடியில் ஒலிக்க வேண்டியது ஈ என்பது பொருள்.

புரட்டினால் கூட்டின் பெயர் மாறாது. ஆனால் அதன் உறுதி மாறும். மூலநிலை நன்கு ஊன்றி நிற்கும். முதற் புரட்டு சற்றே இலேசானது. ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக நகர வசதியானது. இரண்டாம் புரட்டு ஓய்வின்றி எங்கோ செல்லக் காத்திருப்பது போல ஒலிப்பதால், செவ்வியல் இசையில் அதைப் பாட்டின் முடிவாக வைப்பதில்லை.

ஆதார சுரம் என்பது ஒரு பாடல் முழுமைக்கும் இருப்பிடமான சுரம். கருநாடக இசையில் தம்புரா எதை விடாமல் ஒலிக்கிறதோ, அந்தச் சட்சத்திற்கு ஏறக்குறைய இணையானது. கருநாடக இசை பயின்றவர்கள் விசைப்பலகைக்கு வரும்போது தடுமாறும் இடம் இதுவே. சி மேஜர் சுருதியில் அமைந்த ஒரு பாடலில் எஃப் மேஜர் கூட்டு வரும்போது, சட்சம் எஃப்-க்கு மாறிவிட்டது என்று அவர்கள் எண்ணுவர். சட்சம் மாறவில்லை. அது இன்னும் சி தான். அந்த ஒரு கணத்திற்கு மத்திமத்தின் மேல் ஒரு கூட்டு கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஆதார சுரம் பாடலுக்கு உரியது. மூலசுரம் அந்தந்தக் கூட்டிற்கு உரியது. அடிச்சுரம் அந்தந்த வாசிப்பிற்கு உரியது.

மூலசுரத்தைக் கண்டறிதல்

கலைந்து கிடக்கும் சுரங்களிலிருந்து மூலசுரத்தைக் கண்டறிய, அவற்றை எழுத்து வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்க வேண்டும். பி பிளாட், ஈ பிளாட், ஜி என்ற மூன்று சுரங்கள் கீழிருந்து மேலாக உள்ளன என்று கொள்வோம். பி-யிலிருந்து ஈ வரை எண்ணினால் நான்கு எழுத்துகள். ஆகவே இது அடுக்கப்பட்ட நிலையில் இல்லை. பி பிளாட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வைத்தால் ஈ பிளாட், ஜி, பி பிளாட் என்று வரும். ஈ, ஜி, பி என எழுத்துகள் ஒன்று விட்டு ஒன்றாக அமைந்துவிட்டன. ஈ பிளாட்டிலிருந்து ஜி வரை நான்கு அரைச்சுரங்கள், அங்கிருந்து பி பிளாட் வரை மூன்று. எனவே இது ஈ பிளாட் மேஜர்; முதலில் தரப்பட்டிருந்தது அதன் இரண்டாம் புரட்டு.

காதால் கண்டறிய மற்றொரு வழி உண்டு. செருமானிய இசையமைப்பாளர் பவுல் இண்டமித் 1937-இல் வெளியிட்ட தம் இசையமைப்பு நூலில், இரண்டு சுரங்கள் மட்டும் கொண்ட இடைவெளிகளுக்கும் மூலம் உண்டு என்றார். ஐந்தாமிடத்தில் கீழ்ச்சுரமும், நான்காமிடத்தில் மேற்சுரமும் மூலம் என்பது அவர் கொள்கை. மேலே கண்ட எடுத்துக்காட்டில் பி பிளாட்டும் ஈ பிளாட்டும் நான்காமிடத்தில் உள்ளன. மேற்சுரமான ஈ பிளாட்டே மூலம். விடை பொருந்துகிறது.

எல்லாக் கூட்டுகளுக்கும் மூலசுரம் ஐயமின்றி அமைவதில்லை. சி, ஈ, ஜி, ஏ என்ற நான்கு சுரங்களை சி ஆறு என்றும் கொள்ளலாம், ஏ மைனர் ஏழு என்பதன் முதற் புரட்டு என்றும் கொள்ளலாம். முன்பின் வரும் கூட்டுகளே இதைத் தீர்மானிக்கும். சி, ஈ, ஜி ஷார்ப் என்று ஐந்தாமிடத்தையும் உயர்த்தினால் ஸ்தாயி மூன்று சம பங்குகளாகப் பிரிந்துவிடுகிறது. அப்போது மூன்றில் எதை மூலம் என்றாலும் ஒலியில் வேறுபாடு இருக்காது. மேஜர் கூட்டில் இந்தச் சிக்கல் இல்லை. நான்கு, மூன்று, ஐந்து என அதன் இடைவெளிகள் மூன்றும் வேறுபட்டிருப்பதே காரணம்.

பன்னிரண்டு மேஜர் கூட்டுகள்

சி: சி, ஈ, ஜி
டி பிளாட்: டி பிளாட், எஃப், ஏ பிளாட்
டி: டி, எஃப் ஷார்ப், ஏ
ஈ பிளாட்: ஈ பிளாட், ஜி, பி பிளாட்
ஈ: ஈ, ஜி ஷார்ப், பி
எஃப்: எஃப், ஏ, சி
எஃப் ஷார்ப்: எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், சி ஷார்ப்
ஜி: ஜி, பி, டி
ஏ பிளாட்: ஏ பிளாட், சி, ஈ பிளாட்
ஏ: ஏ, சி ஷார்ப், ஈ
பி பிளாட்: பி பிளாட், டி, எஃப்
பி: பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப்

முழுவதும் வெள்ளைக் கட்டைகளால் ஆனவை சி, எஃப், ஜி ஆகிய மூன்று மட்டுமே. முழுவதும் கருப்புக் கட்டைகளால் ஆனது எஃப் ஷார்ப் மட்டுமே. டி மேஜரின் நடுச்சுரத்தை ஜி பிளாட் என்று எழுதினாலும் கட்டை ஒன்றுதான். ஆனால் எழுத்துகள் ஒன்று விட்டு ஒன்றாக வர வேண்டும் என்ற விதியால் எஃப் ஷார்ப் என்றே எழுதப்படும். மேற்கண்ட பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மிடி எனப்படும் கணினி இசை நெறிமுறையில் (1983) ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. நடு சி-யின் எண் 60. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதனுடன் 4-ஐயும் 7-ஐயும் தனித்தனியே கூட்டினால் மேஜர் கூட்டு கிடைத்துவிடும். 60, 64, 67 என்பது சி மேஜர். 12-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் ஸ்தாயி வேறுபாடு மறைந்து, புரட்டுகளும் ஒன்றாகிவிடும்.

ஒலியியல் விளக்கம்

ஓர் இழுத்துக் கட்டிய கம்பியை மீட்டினால் அது ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் 2, 3, 4, 5, 6 மடங்கான அதிர்வெண்களும் மெலிதாகச் சேர்ந்து ஒலிக்கின்றன. இவை சீரிசைகள் எனப்படும். அடிப்படையை சி எனக் கொண்டால், இரண்டாம் சீரிசை மேல் ஸ்தாயி சி, மூன்றாவது ஜி, நான்காவது மீண்டும் சி, ஐந்தாவது ஈ, ஆறாவது மீண்டும் ஜி. நான்கு, ஐந்து, ஆறாம் சீரிசைகளைச் சேர்த்துப் பார்த்தால் சி, ஈ, ஜி. அதாவது மேஜர் கூட்டு 4:5:6 என்ற விகிதத்தில் அமைந்தது. முதற் புரட்டு 5:6:8 என்றும் இரண்டாம் புரட்டு 3:4:5 என்றும் அமையும்.

தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டும்போது, எந்தக் கம்பியும் காந்தாரத்திற்குச் சேர்க்கப்படாத நிலையிலும், அந்தர காந்தாரம் தானாக ஒலிப்பதைக் கேட்கலாம். பாடகர்கள் இதைச் சுயம்பு காந்தாரம் என்பர். மந்தர சட்சக் கம்பியின் ஐந்தாம் சீரிசையே அது. பஞ்சமக் கம்பியும் சட்சக் கம்பிகளும் ஏற்கெனவே ஒலிப்பதால், தம்புராவுக்குள் ஒரு மேஜர் கூட்டு மறைந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

மூலசுரம் ஏன் மூலமாகக் கேட்கிறது என்பதற்கும் இங்கேயே விடை தேடலாம். 400, 500, 600 ஹெர்ட்சு அதிர்வெண்கள் ஒன்றாக ஒலித்தால், மனிதக் காது அவற்றை 100 ஹெர்ட்சு அடிப்படை கொண்ட ஒரே ஒலியின் சீரிசைகளாகக் கொள்ள முனைகிறது. அந்த 100 ஹெர்ட்சு உண்மையில் அங்கே இல்லாவிடினும் சரி. சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியால் எழுப்ப இயலாத தாழ்ந்த சுரங்களை நாம் அதில் உணர்வதும் இதனாலேயே. 100 என்பது 400-க்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே உள்ளது. ஆகவே அது மூலசுரத்தின் அதே பெயர் கொண்ட சுரம். செருமானிய ஒலியியல் அறிஞர் எர்ன்சுட்டு தெர்ஃகார்ட்டு 1970-களில் இவ்வழியே மூலசுரத்தை விளக்க முற்பட்டார்.

இவ்விளக்கம் மேஜருக்கு அழகாகப் பொருந்துகிறது. மைனருக்கு அவ்வாறு பொருந்தவில்லை. மைனர் கூட்டின் விகிதம் 10:12:15. இவற்றிற்குப் பொதுவான அடிப்படையான 1, சி மைனரில் சி ஆக வராமல் ஏ பிளாட் ஆக வருகிறது. சி மைனரைக் கேட்கும் எவரும் ஏ பிளாட்டை மூலம் என்று சொல்வதில்லை. எனவே சீரிசைகளை மட்டுமே கொண்டு மூலசுரக் கொள்கையை முழுவதும் நிறுவிவிட இயலாது. பழக்கமும் ஐந்தாமிடத்தின் வலிமையும் உடன் சேர்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

சமப்பகுப்பும் மூன்றாமிடமும்

இன்றைய விசைப்பலகைகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பகுக்கின்றன. ஒவ்வோர் அரைச்சுரமும் முந்தையதைப் போல 2-இன் பன்னிரண்டாம் மூல மடங்கு, அதாவது சுமார் 1.0595 மடங்கு. இதன்படி மூன்றாமிடம் 1.2599, ஐந்தாமிடம் 1.4983. தூய விகிதங்கள் முறையே 1.25, 1.5. ஐந்தாமிடத்தில் பிழை மிகச் சிறிது. மூன்றாமிடத்திலோ ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

ஏ சுரத்தை 440 ஹெர்ட்சு எனக் கொண்டால் நடு சி 261.63, ஈ 329.63, ஜி 392.00 ஹெர்ட்சு. சி-யின் ஐந்தாம் சீரிசை 1308.13, ஈ-யின் நான்காம் சீரிசை 1318.51. தூய விகிதத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். இப்போது இவற்றிடையே நொடிக்குப் பத்து விம்மல்கள் எழுகின்றன. ஆர்மோனியத்தில் சி, ஈ இரண்டையும் அழுத்திப் பிடித்துக் கவனித்தால் இந்த நடுக்கத்தைக் கேட்கலாம். பியானோவில் ஒலி விரைவில் தேய்வதால் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. துணைக்கருவி இன்றிப் பாடும் சேர்ந்திசைக் குழுவினரும் வயலின் குழுவினரும் மூன்றாமிடத்தைச் சிறிது தாழ்த்தித் தூய நிலைக்குக் கொண்டுவர முடியும். கட்டை வைத்த கருவியால் அது முடியாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள், அதன் சுரங்கள் அசைவற்றுக் கட்டுண்டிருப்பதும் ஒன்று.

இந்த இழப்புக்கு ஈடாகக் கிடைத்தது எந்தச் சுரத்தை மூலமாகக் கொண்டாலும் ஒரே தரத்தில் மேஜர் கூட்டு அமைக்கும் உரிமை. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் வழங்கிய மீன்டோன் முறையில் மூன்றாமிடம் தூயதாக இருந்தது. பியெத்ரோ ஆரோன் 1523-இல் இதை விவரித்தார். ஆனால் அதில் பன்னிரண்டு மேஜர் கூட்டுகளில் எட்டு மட்டுமே கேட்கத் தக்கவை. மற்ற நான்கும் சகிக்க இயலாதவை. எட்டு மிக இனிமையான கூட்டுகளா, பன்னிரண்டு ஓரளவு இனிமையான கூட்டுகளா என்ற தேர்வில் ஐரோப்பா படிப்படியாகப் பின்னதைத் தேர்ந்தது. நமக்குப் பழகிவிட்டதால் அந்த விலை தெரிவதில்லை.

வரலாறு

இடைக்கால ஐரோப்பிய இசையறிஞர்கள் ஸ்தாயி, ஐந்தாமிடம், நான்காமிடம் ஆகியவற்றையே முழு இயைபு உடையனவாகக் கொண்டனர். பித்தாகரசு முறையில் மூன்றாமிடத்தின் விகிதம் 81:64 என்று வந்ததால் அது இனிமையற்றதாக மதிக்கப்பட்டது. 1300-ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலேயத் துறவி வால்டர் ஓடிங்டன், பாடகர்கள் உண்மையில் பாடும் மூன்றாமிடம் 5:4 விகிதத்தை நெருங்குவதைக் குறிப்பிட்டார். சிலப்பதிகார உரைமரபிலும் ஐந்தாம் நரம்பு கிளை, நான்காம் நரம்பு நட்பு, மூன்றும் ஆறும் பகை எனப்படுவதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் தனித்தனி மரபுகள். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகக் கொள்ள இடமில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் டன்சுடபிள் முதலானோர் மூன்றாமிடங்களை நிரம்பப் பயன்படுத்தினர். அவ்வொலி பிரான்சுப் பகுதி இசையமைப்பாளர்களைக் கவர்ந்தது. வெனிசில் பணியாற்றிய சோசெஃபோ சார்லினோ 1558-இல் வெளியிட்ட நூலில், ஒன்று முதல் ஆறு வரையான எண்களின் விகிதங்கள் அனைத்தும் இயைபுடையவை என்று கூறி மூன்றாமிடத்திற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தார். மூன்று சுரங்களையும் ஒரே பொருளாகக் கண்டு அதற்கு இயைபு மும்மை என்ற பொருள்படும் இலத்தீன் பெயரை வழங்கியவர் செருமானியரான யோகான்னசு லிப்பியசு. அவருடைய நூல் 1612-இல் வந்தது.

மூலசுரம் என்ற கருத்தை இசைக் கோட்பாட்டின் நடுவே வைத்தவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் இழான் பிலிப் ராமோ. 1722-இல் வெளியான இசையியைபு பற்றிய அவரது நூல், புரட்டுகள் அனைத்தும் ஒரே கூட்டின் வேறு தோற்றங்களே என்று நிறுவியது. பாடலில் உண்மையாக ஒலிக்கும் அடிச்சுரங்களின் வரிசை ஒன்று. கூட்டுகளின் மூலசுரங்களை மட்டும் எடுத்துக் கோத்த கற்பனை வரிசை மற்றொன்று. பின்னதுதான் இசையை நகர்த்துகிறது என்பது அவர் வாதம். அதற்குமுன் அடிச்சுரத்திலிருந்து மேலே எண்ணி எண்களால் குறிக்கும் வழக்கமே இருந்தது. அதில் சி மேஜரின் மூன்று நிலைகளும் மூன்று தனிப் பொருள்கள். முதலில் கம்பியைப் பகுத்து விளக்கிய ராமோ, சோசஃப் சோவர் 1701-இல் வெளியிட்ட சீரிசை ஆய்வை அறிந்தபின் 1726-இல் தம் கொள்கையை அதன்மேல் நிறுத்தினார். மைனர் கூட்டு அவரை வாழ்நாள் முழுவதும் தொல்லைப்படுத்தியது. (பாஃக் தம் இருபத்து நான்கு சுருதிக்கான விசைப்பலகைத் தொகுப்பின் முதற்பகுதியை முடித்ததும் இதே 1722-இல்தான்.) பின்னர் கோட்ஃபிரீட் வேபர் 1817 முதல் வெளியிட்ட நூலில் மேஜருக்குப் பெரிய உரோம எண்ணும் மைனருக்குச் சிறிய உரோம எண்ணும் இடும் முறையைப் பரப்பினார், அது இன்றும் பாடத்தில் உள்ளது.

மைனர் சுருதியில் அமைந்த பாடலையும் இறுதிக் கூட்டை மட்டும் மேஜராக்கி முடிக்கும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. இதைப் பிக்கார்டி மூன்றாமிடம் என்று 1768-இல் வெளியான தம் இசை அகராதியில் குறித்தவர் மெய்யியலாளர் ரூசோ.

முதன்மையான மூன்று கூட்டுகள்

ஒரு மேஜர் சுரவரிசையில் முதல், நான்காம், ஐந்தாம் சுரங்களின் மேல் அமையும் கூட்டுகள் மட்டுமே மேஜர் ஆகும். சி மேஜர் வரிசையில் அவை சி, எஃப், ஜி. இம்மூன்றிலுமாகச் சேர்த்து வரிசையின் ஏழு சுரங்களும் வந்துவிடுகின்றன. ஆகவே ஏழு சுரங்களுக்குள் அமைந்த எந்த மெட்டிற்கும், அதன் எந்தச் சுரத்திற்கும், இம்மூன்றில் ஒன்றாவது பொருந்தும். தேவாலயப் பாடல்கள், நாட்டார் பாடல்கள், பன்னிரண்டு அளவைகள் கொண்ட புளூசு வடிவம் ஆகியவை மூன்றே கூட்டுகளில் நிறைவடைய முடிவது இதனாலேயே. ஐந்தாம் சுரத்தின் கூட்டிலுள்ள பி, ஆதார சுரமான சி-க்கு அரைச்சுரமே கீழே நிற்பதால், ஜி மேஜரைக் கேட்டபின் சி மேஜருக்குத் திரும்பினால் வீடு வந்து சேர்ந்த உணர்வு உண்டாகிறது.

கிட்டாரில்

கிட்டாரின் ஆறு கம்பிகள் தாழ்விலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ எனச் சேர்க்கப்படுகின்றன. மூன்று சுரங்களை ஆறு கம்பிகளில் பரப்புவதால் சில சுரங்கள் இரட்டிக்கும். வழக்கமான ஜி மேஜர் பிடியில் ஜி, பி, டி, ஜி, பி, ஜி என மூலசுரம் மூன்று முறை வருகிறது.

டி மேஜர் பிடியில் ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டுவது தொடக்கநிலையில் பரவலாகக் காணப்படும் பிழை. ஆறாம் கம்பியின் ஈ, டி மேஜரின் உறுப்பே அன்று. அது அடியில் ஒலித்துக் கூட்டைக் கலக்கிவிடும். விரல்கள் சரியான இடத்தில் இருந்தும் ஒலி சேறாக இருக்கிறதே என்று கருவியைக் குறை சொல்வதற்குமுன் இதைச் சரிபார்க்க வேண்டும். நான்காம் கம்பியிலிருந்து மட்டும் மீட்டினால் மூலசுரம் அடியில் அமையும். சி மேஜரில் ஆறாம் கம்பியையும் சேர்த்தால் பிழை அவ்வளவு பெரிதன்று. ஈ கூட்டின் உறுப்பே ஆதலால் அது முதற் புரட்டு ஆகிவிடும், உறுதி மட்டும் குறையும். ஈ மேஜர் பிடியை ஆட்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தியவாறு மேலே நகர்த்தினால், ஆறாம் கம்பியில் விரல் நிற்கும் சுரமே மூலசுரம்: முதல் கட்டத்தில் எஃப், மூன்றாம் கட்டத்தில் ஜி. ஆறாம் கம்பியின் சுரப்பெயர்களை அறிந்தவருக்கு இந்த ஒரு பிடியே பன்னிரண்டு மேஜர் கூட்டுகளையும் தந்துவிடும்.

கருநாடக இசையுடன் ஒப்பீடு

கருநாடக இசை ஒற்றை மெட்டு வழி நடப்பது. அதில் சுரக்கூட்டு இலக்கண உறுப்பு அன்று. ஆயினும் இரண்டையும் பயில்வோருக்குச் சில கணக்குகள் பயன்படும். பஞ்சமம் எல்லா மேளகர்த்தாக்களிலும் உண்டு. அந்தர காந்தாரம் அக்னி, பாண, ருது சக்கரங்களிலும் அவற்றின் பிரதி மத்திம இணைகளிலும் வருகிறது. எனவே 72 மேளகர்த்தாக்களில் சரிபாதியான 36-இல் சட்சத்தின் மேல் மேஜர் கூட்டு அமையும்.

மேஜர் சுரவரிசைக்கு இணையான சங்கராபரணத்தில் ச, ம, ப ஆகியவற்றின் மேலும், கல்யாணியில் ச, ரி, ப மேலும், அரிகாம்போதியில் ச, ம, நி மேலும் மேஜர் கூட்டுகள் அமைகின்றன. கரகரப்பிரியாவில் க, ம, நி மேல் அமைந்தாலும் சட்சத்தின் மேல் அமைவது மைனர். மாயாமாளவகௌளையில் ஒரு விந்தை உண்டு: சட்சத்தின் மேல் ஒரு மேஜர், அதற்கு அரைச்சுரமே மேலுள்ள சுத்த ரிசபத்தின் மேல் (ரி, ம, த) மற்றொரு மேஜர். அடுத்தடுத்த இரு கட்டைகளில் இரண்டு மேஜர் கூட்டுகள் நிற்பது மேற்கத்திய மேஜர் வரிசையில் காண இயலாதது.

ஆனால் இவை சுரத்தானங்களின் கணக்கு மட்டுமே. இராகத்தின் கணக்கு அன்று. கமகத்தோடு அசையும் காந்தாரத்தின் அடியில் அசைவற்ற காந்தாரம் கொண்ட கூட்டை வைத்தால் இரண்டும் மோதும். கமகம் குறைந்த இடங்களிலேயே கூட்டுகள் இடைஞ்சலின்றி அமர்கின்றன. முத்துசுவாமி தீட்சிதர் (மறைவு 1835) மேற்கத்திய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டுச் சுர சாகித்தியங்கள் பெரும்பாலும் சங்கராபரணச் சுரங்களில் கமகமின்றி அமைந்தவை. அவற்றுள் ஒன்று பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. மூல மெட்டுகளில் இருந்த ச, க, ப தாவல்களை அவற்றில் தெளிவாகக் கேட்கலாம். கூட்டாக ஒலித்தவை அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

மேஜரும் மகிழ்ச்சியும்

மேஜர் கூட்டு மகிழ்ச்சியையும் மைனர் துயரத்தையும் தரும் என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. மேற்கத்திய இசையில் வளர்ந்த காதுகளுக்கு இது பெருமளவு உண்மை. ஆனால் பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், அம்மக்கள் இயைபுள்ள கூட்டுகளையும் இயைபற்ற கூட்டுகளையும் ஒரே அளவு இனிமையானவையாக மதிப்பிட்டனர். அவர்களது இசையில் பல சுரங்களை ஒருங்கே இசைக்கும் வழக்கம் இல்லை. சீரிசை விகிதங்கள் இயற்பியலைச் சேர்ந்தவை. அவற்றை விரும்புவது கேட்டுப் பழகியதைப் பொறுத்தது. அந்தர காந்தாரம் இருப்பதால் மட்டும் மாயாமாளவகௌளையை எவரும் துள்ளலான இராகம் என்று சொல்வதில்லை.